ஆளில்லாத கட்டம்

டாயெங் பாஜி இந்தோனேசியாவில் சுலாவெசித் தீவின் கரையில் மீன் விற்பவள். வயது ஐம்பத்திரண்டு. மூன்று தேர்தல்களாக ஓட்டுச்சாவடிப் பக்கமே அவள் எட்டிப் பார்த்ததில்லை. "எவன் வந்தா என்ன, செதில நான்தானே உரிக்கணும்" என்று சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு இந்த வருடம் நின்றுபோயிற்று.

மாவட்டத் தலைவர் மீண்டும் போட்டியிட்டார். ஜெயித்தால் கரையில் மண்ணைக் கொட்டிக் கடைவீதி கட்டுவாராம். படகு ஏற இடமில்லை என்றால் அவள் பிழைப்பில் மண்தான். எதிர்த்து நிற்க ஒரு ஆள் இல்லை. அத்தனை கட்சிகளையும் அவர் மடியில் முடிந்துகொண்டுவிட்டார். அதனால் வாக்குச்சீட்டில் ஒரு பக்கம் அவர் படம், மறுபக்கம் வெற்றுக் கட்டம். வேண்டிய பக்கத்தில் ஆணியால் துளை குத்துவதுதான் ஓட்டு. கட்டம் ஜெயித்தால் தேர்தலை மறுபடி நடத்த வேண்டும்.

குப்பத்து ஆண்களுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஒருவரும் ஓட்டுப் போடுவதில்லை, எல்லோரும் கடலுக்குப் போய்விடுவது என்று முடிவு கட்டினார்கள். தலைமை தாங்கியது அவள் தம்பி நொம்போ.

"நாம போகலைன்னா அவனுக்கு மூஞ்சி இருக்காதுக்கா."

"அவனுக்கு எப்போடா மூஞ்சி இருந்துச்சு? விழுந்த ஓட்டைத்தான் எண்ணுவாங்க. நீ கடல்ல கெடந்தா அவனுக்குக் கொண்டாட்டம்."

"அதுக்காக ஆளில்லாத கட்டத்துல போய்க் குத்தணுமா? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். ஆள் இருந்தப்போ அழுதோமில்ல?"

தேர்தலன்று விடிந்ததும் படகுகளுக்கு முன்னால் போய் நின்றாள். "விரல்ல மை இல்லாதவன் பிடிச்ச மீனை இன்னியிலருந்து நாங்க விக்கமாட்டோம்" என்றாள். பின்னால் கூடைக்காரிகள் அத்தனை பேரும் நின்றார்கள். முணுமுணுத்துக்கொண்டே ஆண்கள் வரிசைக்குப் போனார்கள், வேறென்ன செய்வார்கள்?

மதியம் எண்ணிக்கை தொடங்கியது. சாவடி அதிகாரியாக இருந்த முர்சலிம் வாத்தியார் ஒவ்வொரு சீட்டையும் விரித்து, ஆணி குத்திய துளையைக் கூட்டத்துக்குத் தூக்கிக் காட்டினார். வெற்றுக் கட்டத்தில் துளை விழுந்த முதல் சீட்டு வந்தது.

"செல்லாது!" என்று ஓரமாக வைத்தார்.

கூட்டத்தைத் தடுக்கக் கட்டிய கயிற்றுக்கு வெளியே நின்றிருந்த பாஜி முன்னால் வந்தாள். "ஏன் சார் செல்லாது?"

"ஆளே இல்லையேக்கா. யார் பேர்ல எழுதுறது?"

"கட்டத்துக்குள்ளதானே குத்தியிருக்கு? கட்டத்து பேர்ல எழுதுங்க. சட்டப் புத்தகம் உங்க கையிலதானே இருக்கு, எல்லாருக்கும் கேக்குற மாதிரி படிங்க. அதுவரைக்கும் அடுத்த சீட்டைத் தொடக்கூடாது."

எண்ணிக்கையைப் பார்க்க மாவட்டத் தலைவர் அனுப்பியிருந்த ஆள் பல்லைக் கடித்தான். வாத்தியார் கூட்டத்தைப் பார்த்தார். காலையில் முணுமுணுத்த அதே ஆண்கள் இப்போது கயிற்றை நெருக்கிக்கொண்டு நின்றார்கள். அவர் புத்தகத்தைத் திறந்தார். படிக்கப் படிக்கக் குரல் இறங்கியது. ஓரமாக வைத்த சீட்டை எடுத்து, "வெற்றுக் கட்டம். செல்லும்" என்றார். நொம்போ போட்ட கூச்சலில் கரைக் காக்கைகள் பறந்தன.

அந்தச் சாவடியில் கட்டத்துக்கு இருநூற்று மூன்று, தலைவருக்கு அறுபத்தொன்று. ஆனால் மாவட்டம் முழுக்க எண்ணி முடித்தபோது அவர்தான் ஜெயித்திருந்தார். பாஜி அன்று சோறு தொடவில்லை.

மறுநாள் சந்தையில் தலைவரின் ஆள் அவள் கூடை முன்னால் வந்து நின்றான். "ஒண்ணுமில்லாததுக்கு ஓட்டுப் போட்டு என்னக்கா கெடைச்சுது?"

பாஜி கத்தியைக் கீழே வைக்கவில்லை. "மண்ணு லாரி வரட்டும், இருநூத்தி மூணு பேரும் கரையில நிப்போம். உங்க தலைவர்கிட்ட இதையும் சொல்லு. ஒத்தை ஆளா ஓடியும் எங்க குப்பத்துல அவரு ரெண்டாவதாத்தான் வந்தாரு."