பர்பனில் குறை சொல்லப் போனேன்

போன ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு, காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு சுத்த சைவ வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து விஸ்கி குடித்தேன். திருட்டுத்தனமாக இல்லை. வீட்டுக்காரரே போன் போட்டுக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு, ஃபேனை என் பக்கம் திருப்பிவிட்டு, "குடிங்க சார்" என்றார்.

அதிர்ச்சியாக இருக்கிறதா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. (மது வீட்டுக்கும் நாட்டுக்கும் உயிருக்கும் கேடு. எடிட்டர் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.)

வீட்டுக்காரர் பெயர் ஏகாம்பரம். என்னுடைய வாக்கிங் தோழர். தறிக்காரர்களுக்குத் தறியில் ஏற்றுகிற பாவு நூலும் பட்டும் ஜரிகையும் கொடுத்து, புடவையாக நெய்து வாங்கிக் கடைகளுக்குப் போடுகிறவர். நெற்றி நிறைய விபூதி. கிருத்திகை என்றால் வெங்காயம்கூட வீட்டுக்குள் வராது. அப்படிப்பட்ட மனிதர் என்னைக் கூப்பிட்டு விஸ்கி ஊற்றுவானேன்?

காரணம், அவர் மகள் நித்யா. உணவுத் தொழில்நுட்பம் படிக்க அமெரிக்கா போன பெண், படித்து முடித்ததும் கென்டக்கி பக்கம் ஒரு கம்பெனியில் சேர்ந்துவிட்டாள். என்ன கம்பெனி என்று சொந்தக்காரர்கள் கேட்டால், "சோளத்துல என்னமோ பண்றாங்கபா" என்பார் ஏகாம்பரம். பொய் என்று சொல்லிவிட முடியாது. அவர்கள் தயாரிப்பது பர்பன் என்கிற விஸ்கி. பர்பன் என்று பெயர் வைக்க வேண்டுமானால் அதில் பாதிக்கு மேல் மக்காச்சோளம் இருந்தே ஆக வேண்டும். அந்த ஊர்ச் சட்டமே அப்படி!

அங்கே நித்யாவின் வேலை, ருசி பார்ப்பது. மரப் பீப்பாய்களில் வருடக்கணக்காக ஊறுகிற விஸ்கியைக் கொஞ்சம் வாயில் வைத்துப் பார்த்து, எது தயார், எது இன்னும் கிடக்கட்டும் என்று சொல்ல வேண்டும். பார்த்துவிட்டுத் துப்பிவிடுவார்களாம். அநியாயம்!

இப்போது லீவில் வந்திருக்கிறாள். நிரந்தரமாக இருக்கிறாயா என்று கம்பெனி கேட்டிருக்கிறது. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். ஏகாம்பரத்துக்கோ மகள் ஊருக்கே வந்துவிட வேண்டும். பக்கத்திலேயே ஒரகடத்தில் ஒரு பிஸ்கட் கம்பெனியில் சொல்லி வேலையே பேசி வைத்துவிட்டார்.

நான் ஸ்கூட்டரை நிறுத்தும்போதே நித்யா வாசலுக்கு ஓடி வந்தாள்.

"போகணும்னா நான் பாட்டுக்கு போய்டுவேன் அங்கிள். ஆனா அப்பா மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு அனுப்பினா, அங்க போய் எனக்கு வேலை ஓடுமா?"

உள்ளே போனேன். சாமி ரூம் கதவு இறுக்கிச் சாத்தியிருந்தது. ஏகாம்பரம் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"சார், எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். இவ கைல வேலை இருக்குதா இல்லையா? இருந்தா யோசிக்கலாம். சுமாரான வேலைன்னா அத்த ஒரகடத்துலயே செய்யலாமே, எதுக்கு அவ்ளோ தூரம்? நான் அத்த வாயில வெக்க மாட்டேன். உங்களுக்குத்தான் அந்தப் பழக்கம் இருக்குதே..."

அந்தப் பழக்கம்! எப்போதோ இதே பக்கத்தில் விஸ்கி பற்றி ஒரே ஒரு வாரம் எழுதினேன். அன்றிலிருந்து காஞ்சிபுரத்தில் எனக்கு இந்தப் பட்டம். கோயில் யானையைப் பற்றிக்கூடத்தான் எழுதினேன். அதை யாராவது ஞாபகம் வைத்திருக்கிறார்களா?

நித்யா பாட்டிலை எடுத்து வந்தாள். அவள் முதன்முதலாகத் தனியாகத் தேர்ந்தெடுத்த பீப்பாயிலிருந்து இறக்கியதாம். ஏகாம்பரத்தின் மனைவி விஜயா சமையலறை வாசலிலேயே நின்றுகொண்டார்.

"எங்க வீட்டு டம்ளர் தர மாட்டேன் அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க."

"உங்க டம்ளர் வேணாம்மா" என்று நித்யா தன் பெட்டியிலிருந்து, அடிவயிறு பெருத்து வாய் குறுகிய ஒரு குட்டிக் கிளாஸை எடுத்தாள். ஊற்றினாள். நான் பழக்கதோஷத்தில் ஐஸ் எங்கே என்று பார்த்தேன். இல்லையாம். சரி, தட்டில் இருந்த முறுக்கையாவது எடுப்போம் என்றால், அதையும் தள்ளி வைத்துவிட்டாள்.

"நாக்கு கெட்டுடும் அங்கிள்."

சைடிஷ் இல்லாமல் விஸ்கியா! யோசித்துப் பாருங்கள், நம் ஊரில் யாராவது விஸ்கியை ருசித்துக் குடித்துப் பார்த்திருக்கிறீர்களா? கண்ணை மூடு, ஒரே மடக்கு, முகத்தைச் சுளி, உடனே ஊறுகாய். கஷாயம் குடிக்கிற குழந்தை தேவலாம். இத்தனை வருடமாக நான் ருசித்ததெல்லாம் ஊறுகாயைத்தான் என்று அன்றைக்குத்தான் எனக்கே உறைத்தது.

முதலில் மோந்து பார்க்கச் சொன்னாள். பார்த்தேன். வெல்லப்பாகு கொதிக்கிற வாசனை... பின்னாலேயே ஐஸ்கிரீம் கடை வாசனை.

"வெனிலா ஊத்துவீங்களா மா?"

"ஒண்ணுமே ஊத்தக்கூடாது அங்கிள். கலருகூட சேக்கக்கூடாது. எல்லாம் மரம் குடுக்கறது. ஓக் மரத்துல புதுசா பீப்பா செஞ்சி, உள்பக்கம் கரியாற வரைக்கும் எரிப்பாங்க. வெயில் காலத்துல சரக்கு மரத்துக்குள்ள போவும், குளிர்ல வெளிய வரும். போய்ப் போய் வர்றப்ப இந்த வாசனையெல்லாம் தூக்கிக்கினு வரும்."

"எரிச்ச மரத்திலிருந்தா வெனிலா வாசனை?" எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "சரி, அப்புறம் அந்தப் பீப்பா?"

"ஒரு தடவதான். அடுத்த தடவைக்கு மறுபடியும் புதுசு."

"ஒரு தடவயா! அப்புறம் தூக்கிப் போட்டுடுவீங்களா?" என்றது நான் இல்லை, ஏகாம்பரம். அதுவரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவர்.

"வேற நாட்டு விஸ்கிக்காரங்க வாங்கிக்கினு போவாங்கபா."

"ம்" என்று மறுபடி திரும்பிக்கொண்டார்.

ஒரு வாய் குடித்தேன். முதலில் இனிப்பு. அது கரைவதற்குள் நம் ஊர்க் கோயில் இட்லியில் கடிபடுகிற சுக்கும் மிளகும் மாதிரி ஒரு காரம். தொண்டை எரியவில்லை. நெஞ்சுக்குள் இதமான ஒரு சூடு. சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு நல்ல விஸ்கியை நான் அதற்கு முன் குடித்ததில்லை.

"பிரமாதம்!" என்றேன்.

நித்யா முகம் மலர்ந்தது. ஏகாம்பரம் முகத்தில் ஓர் அசைவும் இல்லை.

"நல்லாருக்குதுன்னு சொல்றதுக்கு உங்கள கூப்பிடல சார். அத்த பக்கத்து வூட்டுக்காரனே சொல்லுவான். குறை என்னன்னு சொல்லுங்க."

இது அவர் சுபாவம். தறியிலிருந்து வருகிற ஒவ்வொரு புடவையையும் வெளிச்சத்தில் விரித்துப் போட்டுக் குறை தேடுவதுதான் இவருக்குத் தொழில். நல்லாருக்குது என்று இவர் சொல்லி ஊரில் ஒருத்தரும் கேட்டதில்லை. புடவையை நல்லாருக்குது என்று சொன்னால், சரியாகப் பார்க்கவில்லை என்று அர்த்தமாம்!

என் நிலைமையை நினைத்துப் பாருங்கள். குறை இல்லை என்றால் என் வார்த்தை செல்லாது. குறை சொன்னால் பெண்ணுக்கு பிஸ்கட் கம்பெனி. விஜயா சமையலறை வாசலில் முந்தானையைத் திருகிக்கொண்டு நிற்கிறார். நித்யா என் வாயையே பார்க்கிறாள்.

இன்னொரு வாய் வைத்தேன். இருந்தது... எல்லாம் அடங்கின பிறகு, நாக்கின் அடியில் வறட்டுக் கசப்பு ஒன்று. வேப்பங்குச்சியைக் கடித்த பிறகு நிற்குமே, அந்த மாதிரி. போகவே மாட்டேன் என்கிறது. சொல்லலாமா, முழுங்கிவிடலாமா?

சொல்லிவிட்டேன். "கடைசியில மரக்கசப்பு தூக்கலா இருக்கு."

அவ்வளவுதான். நித்யா எழுந்தே விட்டாள்.

"என்னது? தூக்கலா? அங்கிள், அது நான் வேணும்னே வெச்சது! எங்க கம்பெனி பெரியவரு ஒரு கோடை முன்னாடியே எறக்கிடலாம்னாரு. நான்தான் வேணாம், இன்னொரு கோடை கெடக்கட்டும்னு அவரு ரூம்ல போய் சண்ட போட்டேன். அப்பவே எறக்கியிருந்தா வெறும் சர்பத்து! கசப்பு வந்து நின்னாதான் இனிப்புக்கு மரியாத. இந்தாங்க, ரெண்டு சொட்டு தண்ணி வுட்டு குடிங்க. குடிச்சிட்டு சொல்லுங்க!"

ஸ்பூனில் தண்ணீர் விட்டாள். குடித்தேன். கசப்பு சற்று விலகி நின்றது வாஸ்தவம்தான். ஆனால் நானும் சும்மா இருக்கிற ஆளா?

"இன்னும் இருக்குதே மா."

"இருக்கணும்!" என்று மேஜையில் ஓங்கித் தட்டினாள்.

"மெதுவா பேசுடி, பக்கத்து வூட்ல கேக்கும்" என்று விஜயா பதறினார்.

"கேக்கட்டும்மா! என் வேலைய பத்தி பேசறாரு. நான் எப்படி சும்மா இருக்கறது?" கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கிறது, வாய் மட்டும் நிற்கவில்லை. பீப்பாய் எந்த அடுக்கில் இருந்தது, கூரைச் சூடு எவ்வளவு பட்டது, எதனால் காத்திருந்தாள் என்று ஒவ்வொன்றாக எடுத்து என் மேல் வீசினாள். நானும் விடவில்லை. விஸ்கி அது பாட்டுக்கு நடுவில் கிடந்தது.

தற்செயலாக ஏகாம்பரத்தைப் பார்த்தேன். அவர் பாட்டிலையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. மகள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காரியத்தைக் கெடுத்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

திடீரென்று மனிதர் சிரித்தார்.

"வுடு நித்யா. சாருக்கு நாக்கு அவ்ளோதான்."

நான் திகைத்துப்போய்ப் பார்க்க, என் பக்கம் திரும்பினார்.

"கோச்சிக்காதீங்க சார். குறை சொன்னா, தலைய குனிஞ்சிக்கினு சரிங்கன்னு போற தறிக்காரங்கதான் ஊர்ல ஜாஸ்தி. ஒருத்தரு ரெண்டு பேருதான், என் கைல இருக்கற புடவைய புடுங்கி விரிச்சி, 'இது குறை இல்ல, நான் வெச்சது'ன்னு சண்டைக்கு வருவாங்க. நான் அடுத்த புடவைக்குப் பாவு அவங்களுக்குத்தான் குடுப்பேன்."

பிறகு மகளிடம் சொன்னார். "போய்ட்டு வா மா. ஒரகடத்துக்கு நானே போன் பண்ணி சொல்லிடறேன்."

அவ்வளவு நேரம் முழங்கின பெண், அப்படியே தரையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. விஜயா மூக்கைத் துடைத்துக்கொண்டே, "வாய நல்லா கொப்பளிச்சிட்டு வாங்கண்ணா, சாப்பாடு போடறேன்" என்றார்.

பாராட்டை வைத்து ஒருவருடைய வேலையை அளக்க முடியாது போலிருக்கிறது. குறை சொல்லிப் பார்த்தால்தான் தெரிகிறது, அந்த வேலை அவருக்கு எவ்வளவு சொந்தம் என்று. அதற்காக என் நாக்கு அவ்வளவுதானாம்... அது எப்படிச் சொல்லலாம்?

இந்தப் பத்தியில் குறை இருந்தால் தாராளமாக எழுதுங்கள் — சண்டைக்கு வருகிறேன்.