மிதிபட்டவளின் சொல்

முலாஞ்சே மலையடியில் உள்ள எங்கள் ஊர் நீதிமன்றத்தில் எனெலெசி மொழிபெயர்ப்பாளர். சனங்கள் செவா மொழியில் சொல்வதை ஆங்கிலத்தில் நீதிபதிக்குச் சொல்ல வேண்டும். கணவன் தென்னாப்பிரிக்காவுக்குச் சுரங்க வேலைக்குப் போய்த் திரும்பவில்லை. தனியாகத்தான் இருந்தாள். யார் வம்புக்கும் போகமாட்டாள். அவள் வீடு இருந்த மண் ஊர்த்தலைவர் சிக்காவோண்டாவின் ஆளுகைக்குள் இருந்தது. அவர் முகம் சுளித்தாலே அந்த ஊரில் ஒருவரும் நிம்மதியாகத் தூங்க முடியாது.

அந்தத் தலைவர்மேல் நசிபேக்கோ என்ற விதவை வழக்குப் போட்டாள். அவள் அம்மா வழியில் வந்த மக்காச்சோள நிலத்தைப் பிடுங்கித் தன் தங்கை மகன் வைசனுக்குக் கொடுத்துவிட்டார் என்று.

விசாரணைக்கு முந்தின நாள், எனெலெசி அடிகுழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது வைசன் சைக்கிளை ஓட்டிக்கொண்டு வந்து நின்றான். அங்கிருந்த பெண்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவராக நழுவினார்கள்.

"என்னக்கா, நாளைக்கு உங்க வாயிலதான் எங்க மானமே இருக்காம்?"

"அவங்க சொல்றத நான் சொல்லப்போறேன். அவ்ளோதான் தம்பி."

"நரம்பில்லாத நாக்குதானே அக்கா, கொஞ்சம் வளைச்சா என்ன?" சிரித்தான். "உங்க வீட்டுக் கூரை புல்லுதானே? இந்த வெயில்ல நல்லா காஞ்சிருக்குமே."

தானே குனிந்து வாளியைத் தூக்கி அவள் தலையில் வைத்துவிட்டான். அந்த மரியாதைதான் அவளை நடுங்க வைத்தது. வழியெல்லாம் தண்ணீர் தளும்பி முகத்தில் வழிந்தது.

மறுநாள் மன்றத்துக்கு வெளியேகூட நிற்க இடமில்லாத கூட்டம். தலைவர் முன் பெஞ்சில் கைத்தடியை ஊன்றி உட்கார்ந்திருந்தார். நசிபேக்கோ கூண்டில் ஏறி, காலால் தரையை அழுத்தி மிதித்துக் காட்டி, "இவரு என்னை மிதிச்சு அழுத்திட்டாரு" என்றாள். எங்கள் மொழியில் அநியாயத்துக்கு அதைவிடக் கனமான சொல் இல்லை.

எனெலெசி ஜன்னல் பக்கம் ஒருமுறை பார்த்தாள். "தலைவர் தன்னிடம் பாரபட்சம் காட்டியதாக இவர் சொல்கிறார்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். வைசனுக்கு ஆங்கிலம் தெரியும். ஜன்னலோரத்தில் நின்று தலையாட்டினான்.

நீதிபதி வடக்கிலிருந்து மாற்றலாகி வந்தவர். எங்கள் பேச்சு அவருக்குப் பாதிதான் புரியும். அவர் எழுதுவதை நிறுத்தினார்.

"காலால் ஏதோ செய்து காட்டினாரே. பாரபட்சத்துக்குக் காலெதற்கு? திரும்பக் கேளுங்கள்."

தலைவர் பாரபட்சம் காட்டினார் என்றுதானே சொல்கிறாய் என்று எனெலெசி அவளிடம் கேட்டாள். நசிபேக்கோவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"பாரபட்சமா? அதுன்னா அவனுக்குப் பெரிய கவளம், எனக்குச் சின்னக் கவளம். அதுகூடப் பொறுத்துக்குவேன்மா. இங்க என் தட்டையே பிடுங்கிட்டு, என் நெஞ்சுல கால வெச்சு நின்னுக்கிட்டு, ஏண்டி கத்துறேங்கறாங்க. உனக்குப் பயமா இருந்தா சொல்லிடு தாயே, நான் சைகையிலயே சொல்லிக்கிறேன்."

கூட்டம் சிரித்தது. தலைவர் சிரிக்கவில்லை, எனெலெசியையே பார்த்தார். ஓடிவிடலாமா என்றுகூட அவளுக்குத் தோன்றியது. ஆனால் வாய் திறந்துவிட்டது. நான் முதலில் சொன்னது தவறு ஐயா என்றாள். தட்டையும் நெஞ்சையும் காலையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். கடைசியில், "இது பாரபட்சம் அல்ல, அநியாயம், கொடுமை" என்றாள். குரல் கீச்சென்று வந்தது.

அன்று சாயங்காலம் வைசன் சைக்கிளை மெதுவாக உருட்டிக்கொண்டு அவள் வீடுவரை பின்னாலேயே வந்தான். அவள் உள்ளே போகவில்லை. அப்படியே திரும்பி நடந்து, மன்றத்துக்குப் பின்னால் இருந்த காவலாளியின் குடும்பத்தோடு தங்கிக்கொண்டாள். பிறகு அந்த வீட்டுக்குப் போகவே இல்லை. கூரையை யாரும் கொளுத்தவில்லை. அது அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

நிலம் நசிபேக்கோவுக்கே என்று தீர்ப்பானது. அவள் அடுத்த மழைக்கே விதைத்தாள். சிக்காவோண்டா இன்றும் தலைவர்தான். எனெலெசி மாற்றல் கேட்டு ஏரிக்கரை ஊருக்குப் போய்விட்டாள். அங்கே சாட்சி வாய் திறக்கும்போதெல்லாம் அவள் கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கட்டிக்கொள்கிறாளாம். நடுக்கம் தெரியக்கூடாதென்று. புது ஊர்க்காரர்கள் அதை அடக்கம் என்கிறார்கள்.