சத்தம் போடாத ஜேர்மன் பம்ப்

"...காணும், போதும், தொட்டி வழியப்போகுது, பம்பை நிப்பாட்டுங்கோ" என்று மோட்டார்க் கடை அண்ணை எங்கள் கிணற்றடியில் நின்று உரத்துச் சொன்னபோது, தொட்டியில் அரைவாசித் தண்ணீர்கூட இல்லை. பம்பும் ஓடவில்லை. பம்ப் வீட்டுக்குள் கண்ணாடி அலுமாரியில் இருந்தது. அன்று விடியற்காலை தொடக்கம் இணுவிலில் கரண்டும் இல்லை.

பொய் சொல்லாத மனிதர் என்று ஊரில் அவருக்குப் பெயர். ஆகவே இதை முதலில் இருந்து சொல்வதுதான் அவருக்கு மரியாதை.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. என் தம்பி மேற்கு ஜேர்மனிக்குப் போய் இரண்டு வருடமாகியிருந்தது. அங்கே அகதியாகப் பதிந்துவிட்டு ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். வீட்டில் அம்மாவும் நானும்தான். அக்கா கலியாணம் முடித்துச் சாவகச்சேரியில் இருந்தா. அந்த மாரியில் அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டா. தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, அவிழ்த்து, எல்லாம் சரி என்றார்கள். ஆனால் வாளியைப் பிடித்து இழுத்தால் மட்டும் கை சொல்வழி கேட்காது. சங்கக்கடை வேலைக்குப் போகுமுன் நான் அள்ளி வைக்கிற தண்ணீர் மத்தியானத்தோடு முடிந்துவிடும். பிறகு அம்மா இடது கையால் அள்ளுவா. நான் வந்து கேட்டால், "இடதுகையும் இவ்வளவு நாளும் சும்மாதானே இருந்தது" என்பா.

இதையெல்லாம் தம்பிக்கு எழுதியது என் பிழை.

நாலு மாதம் கழித்துக் கொழும்பில் இருந்து ஒரு பார்சல் வந்தது. உள்ளே, மட்டைக்கும் பஞ்சுக்கும் நடுவில், உரித்த தேங்காயை விடக் கொஞ்சம் பெரிதாக, பச்சை நிறத்தில் ஒரு பம்ப். கூடவே எட்டுப் பக்கக் கடிதம். அம்மாவுக்குக் கண் சரியில்லை, நான்தான் வாசித்தேன்.

தம்பி இருந்தது நாலு மாடிக் கட்டடம். குளிர்காலத்தில் ஒருநாள் அதைப் பராமரிக்கிற கிழவன் இவனை நிலவறைக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான். அங்கே இந்த மாதிரி ஒரு சின்னப் பம்ப். அதுதான் சுடுதண்ணீரை நாலு மாடிக்கும், ஒவ்வொரு அறைக்கும், இரவு பகலாக அனுப்புகிறதாம். சத்தமே இல்லையாம். தம்பி அந்த இடத்திலேயே நின்று கணக்குப் போட்டிருக்கிறான். இந்தச் சாமான் நாலு மாடிக்குத் தண்ணி ஏத்துமெண்டால் எங்கடை கிணறு எம்மாத்திரம் என்று எழுதியிருந்தான். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அம்மாவுக்கும் சரியாகப் பட்டது. இன்றைக்கும் அந்தக் கணக்கில் எங்கே பிழை என்று சட்டென்று சொல்லத் தெரியாத ஆட்கள் பலர் இருப்பார்கள்.

பம்பைத் தெரிவு செய்த விதத்தை மூன்று பக்கத்துக்கு எழுதியிருந்தான். ஒரே கடைக்கு மூன்று முறை போயிருக்கிறான். கடைக்காரன் மேசையில் மூன்று பம்பை வைத்து, வீட்டில் எத்தனை அறை என்று கேட்டானாம். நாலு அறை, குசினி புறம்பு என்று இவன் சொல்லியிருக்கிறான். தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்கும் என்று கேட்டானாம். அது வெய்யிலைப் பொறுத்தது, பங்குனி சித்திரையில் நல்ல சூடு என்று சொல்லியிருக்கிறான். கடைக்காரன் கொஞ்ச நேரம் இவனைப் பார்த்துவிட்டு, மூன்றிலும் நல்லதை எடுத்துக் கொடுத்தானாம். மூன்று வேகம் வைக்கலாம். ஒரு பல்ப் எரிகிற கரண்ட் போதும். "அம்மா ஒண்டிலை வைச்சாக் காணும், தோட்டத்துக்கு இறைக்கிறதெண்டால் மூண்டிலை வையுங்கோ" என்று அடியில் கோடு போட்டிருந்தான்.

கடைசிப் பக்கத்தில் மூன்று விடயம். இந்த முறை குளிர்க் கோட்டு வாங்கவில்லை, பழைய கோட்டு இன்னொரு மாரிக்குத் தாங்கும். அடுத்த மாரிக்குமுன் அக்காவுக்கும் இதே மாதிரி ஒரு பம்ப் அனுப்பப் போகிறான். பம்ப் பூட்டியதும் தொட்டிக்குள் தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கசெற்றில் பதிந்து அனுப்ப வேண்டும்.

கோட்டு என்ற வரியை அம்மா திருப்பி வாசிக்கச் சொன்னா. பிறகு இன்னொருக்கால்.

மருதனார்மடத்துப் பக்கம் மோட்டார் சுற்றுகிற கடை வைத்திருந்தவரைத்தான் பூட்டுவதற்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். வாயில் இருந்து இனிப்பான சொல்லே வராது. யாராவது எரிந்த மோட்டாரைக் கொண்டுபோனால் திறந்து பார்த்துவிட்டு, "உது செத்துப்போச்சு. எட்டாம் நாள் செலவு செய்யிறதெண்டால் செய்யுங்கோ" என்பார். அதற்காகவே ஆட்கள் அவரிடம் போவார்கள். "நாலு பொய் சொல்லப் பழகியிருந்தால் இப்ப நானும் மேல்வீடு கட்டியிருப்பன்" என்பது அவர் வழக்கமாகச் சொல்வது.

கிணற்றடிச் சுவரில் சுவிச்சைப் பூட்டினார். குழாய் மாட்டினார். பம்புக்குள் தண்ணீர் வார்த்து நிரப்பினார். சுவிச்சைப் போட்டார். பம்ப் மெல்லமாக ஒரு மூச்சு விட்டது. தொட்டியில் ஒரு சொட்டும் விழவில்லை. இரண்டில் வைத்தார், மூன்றில் வைத்தார். பிறகு கழற்றிக் கையில் எடுத்து, அதில் ஒட்டியிருந்த தகட்டை நெடுநேரம் பார்த்தார்.

"நூற்றிப்பத்து டிகிரி சூடு தாங்குமெண்டு போட்டிருக்கு" என்றார். "அக்கா, உங்கடை கிணத்திலை தண்ணி கொதிக்கிறதோ?"

"இல்லைத் தம்பி" என்றா அம்மா.

அம்மாவிடம் பெரிய கிடாரம் ஒன்றை வாங்கி, நிறையத் தண்ணீர் விட்டு, பம்பின் இரண்டு பக்கக் குழாயையும் அதற்குள்ளேயே போட்டார். இப்போது சுவிச்சைப் போட, ஒரு குழாயால் போன தண்ணீர் மற்றக் குழாயால் வந்தது. கிடாரத்துக்குள் தண்ணீர் வடிவாகச் சுழன்றது. மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"பழுதில்லை, அருமையான சாமான்" என்றார். "ஆனா கிடக்கிற தண்ணியை மேலை எடுக்கிற பம்ப் இல்லை. வீட்டுக்குள்ளை சுடுதண்ணியைச் சுத்தவிடுற பம்ப்."

"கோயில் சுத்துற மாதிரி" என்றா அம்மா.

"ஓம் அக்கா. புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும்."

"அப்ப நாலு மாடி?" என்று நான் கேட்டேன்.

"கிணத்துத் துலாவிலை பின்பக்கம் பாரம் கட்டுறேல்லையே, அப்பிடித்தான் தம்பி. ஒரு பக்கத்தாலை இறங்கிற தண்ணி மற்றப் பக்கத்துத் தண்ணியை ஏத்தும். பம்ப் பின்னாலை நிண்டு கை வைச்சுத் தள்ளுறது மட்டும்தான். இஞ்சை இறங்கிற தண்ணி எங்கை?"

அவர் போன பிறகு, தம்பிக்கு உண்மையை எழுதிவிடுவோம் என்று சொன்னேன். அம்மா பம்பைத் துடைத்துக் கண்ணாடி அலுமாரியில், நல்ல கோப்பைகளுக்குப் பக்கத்தில் வைத்தா.

"எழுது பாப்பம், கை கூசாமல்" என்றா. "கோட்டு இல்லாமல் அந்தக் குளிருக்கை இருந்து அவன் உன்ரை கடிதத்தை வாசிப்பான். இஞ்சை எண்டால் நான் ஒரு வாய் சோறு குழைச்சுக் குடுத்து ஆத்துவன். அங்கை ஆர் இருக்கினம்?"

"சொல்லாட்டில் அக்காவுக்கும் ஒண்டு அனுப்புவான். அதுக்கும் கோட்டு வாங்கமாட்டான்."

அம்மா இரண்டு நாள் யோசித்தா. மூன்றாம் நாள் சொன்னா: "பம்ப் நல்லம் எண்டும் அவனுக்குத் தெரியவேணும். இனி அனுப்பாதை எண்டும் தெரியவேணும். நீ சொன்னால் நம்பமாட்டான், நீ சின்னனிலை இருந்து அவனுக்குப் பொய் சொன்னனீ. மோட்டார்க் கடைத் தம்பி சொன்னால் நம்புவான்."

அவர் முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னார். "அக்கா, என்னட்டைக் கிடக்கிறது உந்த ஒரு சாமான்தான். அதையும் கேக்கிறியள்."

"பொய் சொல்ல வேண்டாம். உள்ளதைச் சொல்லும். சொல்லக்கூடாததை விடும்."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு, உள்ளது மட்டும் என்றால் வருகிறேன் என்றார். தண்ணீர் விழுகிற சத்தத்தைப் பற்றி அம்மா அப்போது வாயே திறக்கவில்லை.

அதுதான் பெரிய சிக்கலாகவும் இருந்தது. வாளியால் ஊற்றினால் தண்ணீர் மொத்தமாக விழுந்து நின்றுவிடும். பம்ப் அப்படி விழுத்தாது. நான் இரவல் வாங்கிய, பற்றரியில் ஓடுகிற ரேப் ரெக்கோடரில் பதிந்து போட்டுப் பார்த்தோம். யாரோ மாடு குளிப்பாட்டுகிற மாதிரிக் கேட்டது. கடைசியில் அவரிடமே கேட்டேன். சத்தத்தில் என்ன பொய் இருக்கிறது, தண்ணீர் விழுகிறது தண்ணீர்தானே என்று அவர் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, கடையில் மோட்டார் கழுவுகிற, அடியில் பைப் பூட்டிய பெரிய தகரப் பரல் ஒன்றை வண்டிலில் ஏற்றிக்கொண்டு வந்தார். தொட்டிக்குப் பக்கத்தில் கல் அடுக்கி அதன்மேல் பரலை வைத்தோம்.

பரலை நிரப்ப இருபத்திரண்டு வாளி தேவைப்பட்டது. பதினெட்டை அவரும் நானும் அள்ளினோம். மிச்சத்தை, எவ்வளவு சொல்லியும் கேளாமல், அம்மா இடது கையால் அள்ளினா. தான் தண்ணீர் அள்ளத் தேவையில்லை என்று பிள்ளைக்குக் காட்டுவதற்கு.

ரெக்கோடரை அம்மா மடியில் வைத்துக்கொண்டு தொட்டி விளிம்பில் இருந்தா. நான் பைப்படியில். பொத்தானை அமத்தியதும் அம்மா சுகம் விசாரித்தா. கோட்டு வாங்கு என்று மூன்று முறை சொன்னா. பிறகு அவர் பக்கம் ரெக்கோடரை நீட்டினா.

அவர் தொண்டையைச் செருமினார். கோயிலில் தேவாரம் பாட நிற்கிறவர் மாதிரி இரண்டு கையையும் முன்னால் கட்டிக்கொண்டார்.

"தம்பி, நான்தான் மோட்டார்க் கடை. நீர் அனுப்பின பம்பைப் பாத்தனான். நல்ல வார்ப்பு. நல்ல வேலைப்பாடு. உப்பிடிச் சத்தமில்லாத ஒண்டை நான் இஞ்சை காணேல்லை. அம்மா அதைப் பத்திரமா வைச்சிருக்கிறா." கட்டிய கையை மாற்றிக் கட்டினார். "சாவகச்சேரிக்கு அனுப்பப்போறன் எண்டு எழுதியிருக்கிறீர். உம்மடை அக்காவின்ரை கிணறு உவர். அந்தத் தண்ணி உந்த இரும்பைத் தின்னும். அங்கை அனுப்ப வேண்டாம். இனி ஆரும் ஊருக்குப் பம்ப் அனுப்ப எண்டு கேட்டால், எத்தனை அடி ஆழத்திலை இருந்து இழுக்குமெண்டு முதல் கேட்கச் சொல்லும்."

ஒரு சொல்லும் பொய் இல்லை. அவருடைய முகத்தில் பெரிய நிம்மதி தெரிந்தது. எனக்குக் கண்ணைக் காட்டினார், நான் பைப்பைத் திறந்தேன்.

தண்ணீர் கயிறு மாதிரி ஒரே சீராக இறங்கியது. அம்மா ரெக்கோடரைத் தொட்டிக்குள் சரித்துப் பிடித்தா. உண்மையான பம்ப்கூட அவ்வளவு அழகாக விழுத்தியிருக்காது. அம்மாவின் முகம் மலர்ந்தது.

நாங்கள் ஒருவரும் யோசிக்காதது ஒன்று இருந்தது. பரலில் தண்ணீர் குறையக் குறைய, விழுகிற வேகமும் குறையும். மூன்று நிமிடம் போல் கழிய, கயிறு நூலாகத் தொடங்கியது. சத்தம் மெலிந்தது. தம்பி மூன்று முறை கடைக்குப் போய் வாங்கிய பம்ப், இழுக்க மாட்டாமல் ஓய்கிற மாதிரியே அது கேட்டது. நான் பைப்பை மூடவா விடவா என்று தெரியாமல் அம்மாவைப் பார்த்தேன். அம்மா அவரைப் பார்த்தா.

அப்போதுதான் அவர் தொட்டி வழியப்போகுது என்று உரத்துச் சொன்னார். சொல்லிவிட்டுத் தொட்டியை எட்டிப் பார்க்கவுமில்லை. நான் பைப்பை இறுக்கினேன். அவர் அம்மாவின் கையில் பதிந்துகொண்டிருந்த ரெக்கோடரை வாங்கிக்கொண்டு நாலு அடி நடந்து சுவரடிக்குப் போனார். தான் பூட்டிய, எந்தப் பம்பிலும் மாட்டாத, கரண்டும் இல்லாத அந்தச் சுவிச்சுக்குக் கிட்டப் பிடித்து, மற்றக் கையால் அதை 'டக்' என்று நிற்பாட்டினார்.