கஜு இல்லாத கடை

நுவரெலியாப் பக்கம் புதிதாகத் திறந்திருந்த அந்தப் பூங்காவுக்குப் போகலாம் என்று என் கணவரின் அக்கா கொழும்பிலிருந்து தொலைபேசியில் சொன்னபோது, என் மகள் கட்டில் மேலேறிக் குதித்தாள். ராட்டினம் இருக்கிறது, ஏரியில் படகு ஓடுகிறது, தங்குவதற்கு விடுதி இருக்கிறது, ஒரு தெரு முழுக்கச் சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன என்று அண்ணி சொல்லிக்கொண்டே போனார். கடைசியாகச் சொன்னது மட்டும்தான் என் காதில் நின்றது. ஒரு தெரு முழுக்கச் சாப்பாட்டுக் கடைகள்.

என் மகளுக்குக் கஜு ஆகாது. முந்திரிப் பருப்பை நாங்கள் கஜு என்றுதான் சொல்வோம். பொகவந்தலாவையில் ஒரு கல்யாண வீட்டில், அவள் இன்னும் பள்ளிக்கூடம் சேராத வயதில், ஒரு கிண்ணம் பாயசம் குடித்தாள். குடித்துக் கொஞ்ச நேரத்தில் உதடு தடித்தது. பிறகு கண் இமை வீங்கியது. பிறகு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. ஒரு முச்சக்கர வண்டியைப் பிடித்துக்கொண்டு அந்த வளைவுப் பாதையில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஒவ்வொரு வளைவிலும் அவளுடைய மூச்சு மாறிக்கொண்டே வந்தது. டாக்டர் ஊசி போட்டு, அவள் என்னை "அம்மா" என்று கூப்பிடும் வரைக்கும் நான் நின்ற இடத்திலிருந்து நகரவில்லை.

அன்றிலிருந்து வெளியில் எங்கே போனாலும் அவளுக்கு என் கைச் சமையல்தான். அவசரத்துக்குத் தொடையில் குத்துவதற்கென்று பேனா மாதிரி ஓர் ஊசி என் கைப்பையில் எப்போதும் இருக்கும். அதை வெளிநாட்டிலிருந்து தன் மகன் மூலம் வரவழைத்துக் கொடுத்தவர் இதே அண்ணிதான். அந்த ஊசியின் காலம் முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. புதியது வருகிறது என்றார்கள், இன்னும் வந்து சேரவில்லை. பழையதும் வேலை செய்யும், இல்லாததற்கு அது இருக்கட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த "இருக்கட்டும்" என்ற சொல் என் மனதை அரித்துக்கொண்டே இருந்தது.

போகிற நாளன்று காலையில் சோறும் பருப்பும் முட்டையும் சமைத்து மகளுக்கென்று கட்டி எடுத்துக்கொண்டேன். எங்கள் ஊரான லிந்துலையிலிருந்து, அண்ணி கொழும்பிலிருந்து கொண்டுவந்திருந்த வேனில் புறப்பட்டோம். அண்ணி, நான், என் கணவர், மகள் என்று நான்கு பேர்தான். சாரதி வண்டியோடு இருந்துவிடுவார். பூங்கா வாசலில் பைகளைத் திறந்து பார்த்த காவலாளி சோற்றுப் பார்சலை எடுத்து மேசைமேல் வைத்தார். வெளிச் சாப்பாடு உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று சிங்களத்தில் மரியாதையாகச் சொன்னார். பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாத சாப்பாடு இருக்கிறது என்று நானும் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அவர் யாரிடமோ பேசிப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டி, வேனில் வைத்துவிட்டு வாருங்கள், வேண்டுமானால் வெளியே வந்து சாப்பிட்டுவிட்டு மறுபடி உள்ளே போகலாம், கையில் சீல் குத்தித் தருகிறேன் என்றார்.

அது போதும் என்று நினைத்தேன். மகளுடைய முகம் அப்போதே சுருங்கிவிட்டதை நான் கவனிக்கவில்லை.

காலை நேரம் நன்றாகத்தான் போனது. ராட்டினத்தில் அவளும் அவளுடைய அப்பாவும் ஏறினார்கள். பிறகு எல்லோரும் படகில் போனோம். ஏரி நடுவில் பனிமூட்டம் இறங்கிக் காற்று முகத்தில் அறைந்தது. கரைக்கு வந்தபோது தூறல் தொடங்கியிருந்தது. சீசன் காலம் என்பதால் சனம் மொத்தமும் அந்தச் சாப்பாட்டுத் தெருவை நோக்கித்தான் நடந்தது.

"நாங்க வேனுக்குப் போயி சாப்பிட்டுட்டு வந்துர்றோம் அண்ணி. நீங்க பிடிச்ச கடையில சாப்பிடுங்க" என்றேன்.

அண்ணி நடந்துகொண்டிருந்தவர் நின்றுவிட்டார். "ஏம்மா, நான் மேசையில உக்காந்து சாப்பிடுவேன், பிள்ள வேனுக்குள்ள உக்காந்து சாப்பிடணுமா? அதுக்கா நான் கொழும்புல இருந்து வந்தேன்?"

"அவளுக்கு ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியுந்தானே?"

"தெரியும். இவ்வளவு கடை இருக்கு. ஒண்ணு கூடவா கெடைக்காது?"

நான் மகளைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, "நான் வேன்ல சாப்பிட மாட்டேன். எனக்குப் பசிக்கவே இல்ல" என்றாள். அவளுக்குப் பசி என்று எனக்குத் தெரியும். காலையில் பரபரப்பில் பாதி ரொட்டிதான் தின்றிருந்தாள்.

என் கணவர் மெதுவாக, "ஒரு தடவ கேட்டுத்தான் பாப்போமே" என்றார். இரண்டு பேரும் ஒரு பக்கமாகச் சேர்ந்த பிறகு நான் என்ன சொல்வது?

அண்ணிக்குப் பிடித்திருந்தது தெரு முனையில் இருந்த பெரிய கடை. வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் இருந்த பழைய பங்களா மாதிரிக் கட்டியிருந்தார்கள். உள்ளே நீளமான மேசையில் வரிசையாகப் பாத்திரங்கள், நாமே எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். நான் தட்டை எடுக்காமல் ஒவ்வொரு பாத்திரமாகப் பார்த்துக்கொண்டே நடந்தேன். பருப்பு, கத்தரிக்காய், கோழி. நான்காவது பாத்திரத்தில் மஞ்சள் நிறத்தில் கஜுக் கறி பளபளத்தது. எனக்கு முன்னால் நின்றவர் கஜுக் கறியை அள்ளிய அதே கரண்டியால் பக்கத்துப் பாத்திரத்துப் பருப்பையும் அள்ளினார்.

"இங்க வேணாம் அண்ணி."

"அத எடுக்காம விட்டா போச்சு."

"கரண்டி எல்லாத்துலயும் போய் வருது அண்ணி. பாருங்க."

அவர் பார்த்தார். வெளியே வந்து குடையை விரித்த விதத்தில் அவருடைய கோபம் தெரிந்தது.

அடுத்தது சீனச் சாப்பாட்டுக் கடை. வாசலில் மாட்டியிருந்த பெரிய படத்திலேயே கோழியும் கஜுவும் கலந்து கிடந்தன. நாங்கள் படியே ஏறவில்லை. அதற்கடுத்து முஸ்லிம் பாய் ஒருவர் நடத்தும் புரியாணிக் கடை. வாசனை வந்ததுமே மகளுடைய கால் அங்கே நின்றுவிட்டது. கல்லாவில் இருந்த பாயிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் எழுந்து உள்ளே போய், யாரிடமோ கேட்டுவிட்டு வந்தார்.

"தங்கச்சி, பொய் சொல்லிச் சாப்பாடு விக்க ஏலாது. புரியாணிக்கு கஜு போடுறம். கொத்து ரொட்டி போடுற கல்லு வேறதான். ஆனா கரண்டி, தாச்சி எல்லாம் ஒரே இடத்துலதான் கழுவுறாங்க. புள்ளைக்கு இங்க வாணாம்" என்றார்.

அவருக்கு நன்றி சொன்னேன். உண்மையில் அவர் காலில் விழலாம் போல இருந்தது. ஆனால் அவர் உண்மையைச் சொன்னதால் என் பயம் குறையவில்லை, கூடிவிட்டது. இவர் போய்க் கேட்டதால் தெரிந்தது. கேட்காமலே "இல்லை" என்று சொல்லுகிறவர் இருந்தால்?

அப்படித்தான் அடுத்த கடையில் நடந்தது. அது தோசைக் கடை. மேசைக்கு வந்த இளைஞர் நான் கேட்டு முடிப்பதற்குள், "கஜு இல்லை மிஸ், ஒன்றுமே இல்லை" என்று சிங்களத்தில் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். அவ்வளவு சீக்கிரம் வந்த பதில் எனக்கு வேண்டாம் போலிருந்தது. சட்னியில்? நெய்யில்? பொங்கலில்? ஒவ்வொன்றுக்கும் "இல்லை, இல்லை" என்றார். பக்கத்து மேசையில் ஒருவர் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதன் மேலே வறுத்த கஜு இரண்டு துண்டு இருந்தது. நான் விரலால் காட்டினேன். இளைஞரின் சிரிப்பு போய்விட்டது.

"எழுந்திரிங்க, போவோம்" என்றேன்.

மகள் எழவில்லை. வெளியே மழை பிடித்துக்கொண்டது. எல்லாக் கடைகளிலும் ஆட்கள் வாசல் வரைக்கும் நின்றார்கள். என் கணவர் என்னையும் பார்க்காமல் அவருடைய அக்காவையும் பார்க்காமல் தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். அவருக்கும் பயம்தான்.

அப்போது அண்ணி எழுந்தார். நேராகச் சமையல்கட்டு வாசலுக்குப் போய், உள்ளே எட்டிப் பார்த்து, "சமைக்கிறது யாரு? கொஞ்சம் இங்கிட்டு வாங்க" என்று சத்தமாகக் கூப்பிட்டார். ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டே ஒரு பெண் வந்தார். மஸ்கெலியாப் பக்கத்து ஆள் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"அக்கா, கஜு பொங்கலுக்கு மட்டுந்தாங்க. ஆனா கஜு வறுத்த நெய்யத்தான் நெய்த் தோசைக்கும் ஊத்துறோம். சட்னியில நெலக்கடல இருக்கு. சாம்பார்ல ஒண்ணும் இல்லீங்க" என்றார்.

"அப்ப கல்லக் கழுவி, புது எண்ணெய் ஊத்தி, வெறுந் தோச ரெண்டு சுட்டுத் தருவீங்களா? புதுக் கரண்டி. புதுத் தட்டு. சாம்பாரு மட்டும். நான் இங்கயே நின்னு பாத்துக்கிறேன்."

அந்தப் பெண் ஒரு நொடி என்னைப் பார்த்தார், பிறகு மகளைப் பார்த்தார். "செஞ்சு தாறேங்க. கூட்டமா இருக்கு, கொஞ்சம் நேரமாகும்" என்றார்.

அண்ணி சொன்னபடியே அங்கேயே நின்றார். கல் சரியாகக் கழுவப்படவில்லை என்று இன்னொரு தடவை தேய்க்கச் சொன்னது எங்கள் மேசை வரைக்கும் கேட்டது. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ ஒருவர், பிள்ளைக்கு என்ன நோய் என்று என் கணவரிடமே கேட்டுவிட்டார். மகள் மேசைக்கு மேலே தெரியாத அளவுக்குக் குனிந்துகொண்டாள்.

தோசை வந்தது. அண்ணியே தட்டை ஏந்திக்கொண்டு வந்தார். நான் முதலில் ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டேன். அதனால் என்ன தெரியப்போகிறது? எனக்குக் கஜு ஒன்றும் செய்யாது. ஆனாலும் அப்படிச் செய்யாமல் இருக்க முடியவில்லை.

மகள் சாப்பிட ஆரம்பித்தாள். நான் கைப்பையை மடியில் வைத்து, உள்ளே கையை விட்டு ஊசியைப் பிடித்துக்கொண்டேன். அவள் உதட்டைப் பார்த்தேன். இமையைப் பார்த்தேன். கழுத்தைப் பார்த்தேன். முதல் தோசை பாதி முடிந்திருக்கும். அவளுடைய கன்னங்கள் சிவந்திருந்தன.

"என்னங்க" என்றேன். "என்னங்க, கன்னத்தப் பாருங்க."

அவர் எழுந்து அவள் பக்கத்தில் போய்க் குந்தினார். "தொண்ட எதும் பண்ணுதாம்மா? நாக்கு அரிக்குதா? அப்பாவப் பாத்துப் பேசு." அண்ணி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். சாரதிக்குத் தொலைபேசி எடுக்கத் தன் பையைத் துழாவினார். இங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு எந்த வழி சீக்கிரம் என்று நான் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். இந்த மழையில், இந்தச் சீசன் கூட்டத்தில், அந்த வளைவுகளில். ஊசியின் மூடியைக் கழற்றிவிட்டேன்.

"ஒண்ணும் இல்ல!" என்று மகள் கத்தினாள். கண் நிறையத் தண்ணீர். "எனக்கு ஒண்ணும் இல்லம்மா. நீங்க என்னையே பாத்துக்கிட்டு இருக்கீங்க. நீங்க அப்பிடிப் பாக்குறப்பதான் எனக்குப் பயமா இருக்கு. தொண்டைக்குள்ள என்னமோ ஆகுற மாதிரி இருக்கு. பாக்காதீங்கம்மா!"

அவளைப் பார்க்காமல் வேறு எங்கே பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த மேசையைப் பார்த்தேன். எங்களோடு படகில் வந்த ஒரு கொழும்புக் குடும்பம் அங்கே இருந்தது. அவர்களுடைய இரண்டு பிள்ளைகளுக்கும் கன்னம் அதே மாதிரி சிவந்திருந்தது. வாசல் பக்கத்தில் ஒரு சின்னக் குழந்தைக்கும் அப்படியே. ஏரிக் காற்றில் விறைத்துப்போய், அடுப்புச் சூட்டுக்குள் வந்து உட்கார்ந்த பிள்ளைகள். மலைநாட்டிலேயே பிறந்து வளர்ந்தவள் நான். குளிரில் கன்னம் சிவக்கும் என்பதைக் கூட மறந்திருந்தேன்.

ஊசிக்கு மூடியைப் போட்டேன். அது உடனே பொருந்தவில்லை. என் கணவர் மகளின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். அவளுடைய மூச்சு சீராக இருந்தது. இமை வீங்கவில்லை. உதடு தடிக்கவில்லை. கொஞ்சம் கழித்து, இரண்டாவது தோசையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அண்ணி தொலைபேசியைப் பையில் போட்டுவிட்டு உட்கார்ந்தார். அவருடைய முகமும் வெளுத்துப் போயிருந்தது.

"நான் கூட்டிட்டு வந்திருக்கக் கூடாதோ?" என்று என்னிடம் மட்டும் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"அப்பிடி இல்லீங்க அண்ணி. நீங்க போய்க் கேக்கலைன்னா நெய்யப் பத்தித் தெரிஞ்சிருக்காதே" என்றேன். அவர் பெரியவர்களுக்கென்று வந்திருந்த தோசைத் தட்டை என் பக்கம் நகர்த்தினார். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு பிளேன் டீ மட்டும் குடித்தேன்.

மழை விட்டதும் மறுபடி தெருவில் நடந்தோம். ஓர் ஐஸ்கிரீம் கடை முன்னால் மகள் நின்றாள். நான் வாயைத் திறப்பதற்குள், "நீங்க இங்கயே நில்லுங்க. நான் கேக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். கண்ணாடிப் பெட்டிக்கு அந்தப் பக்கம் நின்ற பெண்ணிடம், பள்ளிக்கூடத்தில் படித்த சிங்களத்தில் என்னவோ கேட்டாள். அந்தப் பெண் பதில் சொன்னதும் இவள் இன்னொரு கேள்வி கேட்டாள். பெட்டிக்குள் விரலை நீட்டி எதையோ காட்டினாள். அந்தப் பெண் கரண்டியை எடுத்துக் காண்பித்தாள். நான் நகராமல் இருக்க என் கணவரின் கையைப் பிடித்திருந்தேன்.

மகள் வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

"எல்லாத்துக்கும் ஒரே கரண்டிதானாம், அம்மா. வேணாம்" என்றாள். பிறகு ராட்டினத்தில் இன்னொரு தடவை ஏறலாமா என்று அத்தையிடம் கேட்டுக்கொண்டே முன்னால் நடந்தாள்.