பெருங்காய வாசனை

சந்திரகலாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று, நாங்கள் குடியேறிய இந்த வெளிநாட்டு ஊரான மல்கிரேவில் தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்வார்கள். பக்கத்து வீட்டுக்காரி நான் சொல்கிறேன், அவள் இடத்தில் யார் இருந்தாலும் வரும்.

அவளும் கணவர் கௌரிசங்கரும் போன வருடம் அடுப்பும் படுக்கையும் உள்ள மோட்டார்ஹோம் வண்டி ஒன்று வாங்கினார்கள். எங்கே போனாலும் ரசமும் சோறும் அதிலேயே சமையல். இரண்டாவது பயணத்திலேயே அடுப்புப் பக்கம் கேஸ் வாடை வருவதாகச் சொன்னாள். அவர் சிரித்தார்.

“உன் பெருங்காய டப்பாவ மூடி வை, போயிடும்.”

ஐ.டி.யில் பெரிய வேலை. வீட்டில் பால் காய்ச்சத் தெரியாது. தீர்ப்பு மட்டும் உடனே வந்துவிடும். அடுத்த பயணத்துக்கு அவள் டப்பாவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனாள். அப்போதும் வாடை வந்தது. “வாசனை பலகையில ஊறியிருக்கும்” என்றார். அடுப்பை ஒட்டிய கீழ்ப் படுக்கையில்தான் மகள் தேஜஸ்வினி தூங்குவாள். கலா சிலிண்டரை மூடிவிட்டாள். அந்தப் பயணம் முழுக்க ரொட்டிதான். அதற்கும் அவர் முணுமுணுத்தாராம்.

பிறகு வண்டி செய்த கம்பெனியே, குறையைச் சரிசெய்யத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி ரீகால் அறிவித்தது. அடுப்புக்குப் பின்னால் போகும் கேஸ் குழாய் இரும்புச் சட்டத்தில் உரசிக் கிழியலாம், மாற்ற வேண்டும் என்றார்கள். “நல்லவேளை, ஃப்ரீயா மாத்திடுவாங்க” என்றார் கௌரிசங்கர். நீ சொன்னது சரிதான் என்று அவளிடம் ஒரு வார்த்தை இல்லை. கேட்ட எனக்கே பற்றிக்கொண்டு வந்தது.

வண்டியைத் திரும்ப எடுக்க, அவர்களை என் காரில் ஒர்க்‌ஷாப்புக்குக் கூட்டிப் போனேன். புதுக் குழாய் போட்டாயிற்று, சோதித்தாயிற்று என்று மெக்கானிக் சாவியை நீட்டினான். கலா சிலிண்டரைத் திறக்கச் சொல்லிவிட்டு உள்ளே ஏறினாள்.

“இன்னும் வாடை வருது.”

அது உங்கள் மசாலா வாசனை, இந்தியர்களின் வண்டி எல்லாமே இப்படித்தான் என்று அவன் சிரித்தான். கௌரிசங்கர் அவள் கையைப் பிடித்தார். “பெருங்காயமாத்தான் இருக்கும் கலா. மானத்த வாங்காத, வா.”

அவள் கையை உதறினாள். பாத்திரம் கழுவும் சோப்பை ஸ்பாஞ்சில் ஊற்றி நுரைத்து, புதுக் குழாய் அடுப்போடு சேரும் இடத்தில் அப்பினாள். குமிழ்கள் பொங்கிப் பொங்கி வந்தன. “இதுவும் மசாலாவா?” என்று அவள் ஆங்கிலத்தில் போட்ட சத்தத்தில் ஒர்க்‌ஷாப்பே திரும்பிப் பார்த்தது. மெக்கானிக் ஓடிப்போய் சிலிண்டரை மூடினான். அரைகுறையாக முடுக்கியிருந்த நட்டைக் கழற்றித் திரும்பப் பூட்டி, எங்கள் கண்முன்னே சோதித்துக் காட்டினான். இந்த முறை குமிழ் வரவில்லை.

அப்போதுதான் கௌரிசங்கருக்கு வீரம் வந்தது. என் மகள் தூங்குகிற இடம் இது, உன் மேல் புகார் கொடுக்கிறேன் என்று அவனிடம் எகிறினார்.

“அவன விடுங்க” என்றாள் கலா. “அவன் பெருங்காயத்த மோந்து பாத்ததே இல்ல. நீங்க தினமும் சாப்பிடுறீங்க.”

சாவியை அவளே வாங்கிக்கொண்டாள். அவர் என் காரில் வந்தார்.