உதட்டில் ஓர் இழை

எனக்குக் கீழ்த்தாடை முன்னால் துருத்திக்கொண்டிருக்கும். முன்பல்லால் ஒரு முறுக்கைக்கூடக் கடிக்க முடியாது. எண்பதுகளின் தொடக்கத்தில், பத்தொன்பது வயதில், ஒற்றைக்காலில் நின்று மெட்ராசுக்குப் போய் ஆபரேஷன் செய்துகொண்டேன். "சாமி குடுத்த மூஞ்சியை எதுக்கு அறுக்கோணும்?" என்று அம்மா அழுதாள். நான் கேட்கவில்லை.

தாடையை வெட்டிப் பின்னுக்குத் தள்ளி, மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துக் கம்பியால் கட்டினார்கள். ஆறு வாரம் கஞ்சிதான். கம்பியை எடுத்தபோது பல்வரிசை ஒழுங்காகச் சேர்ந்திருந்தது. ஆனால் கீழுதடும் மோவாயும் மரத்துக் கிடந்தன. "நரம்பு நசுங்கியிருக்கு. சின்ன வயசு, பெரும்பாலும் உணர்ச்சி திரும்பிடும். ஒரு வருஷம் பாருங்க. சிலருக்கு வராமலும் போகலாம்" என்றார் டாக்டர். அந்தக் கடைசிப் பேச்சை அம்மா காதில் வாங்கவில்லை. நான் வாங்கினேன்.

ராசிபுரத்தில் எங்கள் வீட்டில் தறி உண்டு. தினமும் காலையில் அம்மா என் கண்ணை மூடச் சொல்லி, ஒரு நூல் இழையால் உதட்டைத் தொடுவாள்.

"தெரியுதா கண்ணு?"

"தெரியுதுங்கம்மா."

ஒன்றும் தெரியாது. அவள் வளையல் சத்தம் மோவாய்க்குப் பக்கத்தில் வந்ததும் சொல்லிவிடுவேன். அவ்வளவு பிடிவாதம் பிடித்துவிட்டு, இப்படி ஆகிவிட்டது என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

கெட்டிக்காரன் புளுகே எட்டு நாள் என்பார்கள். என்னுடையது நாலு மாதம் ஓடியது. அன்று தறியில் வெள்ளை வேட்டி. தறியில் குறுக்கே ஓடும் மர நாடாவில் நூல் சுற்றிய புதுத் தார்க்குச்சியைப் போட்டால், நூல் முனையை நாடாவின் பக்கத்துத் துளை வழியே வாயால் உறிஞ்சி இழுப்போம். துளையின் விளிம்பில் சிராய் பெயர்ந்திருந்ததை நான் பார்க்கவில்லை. உறிஞ்சினேன், நெய்தேன், தார் தீர்ந்ததும் மறுபடி உறிஞ்சினேன். அம்மா கத்தியபோதுதான் குனிந்தேன். வேட்டியில் ஒரு சாண் நீளத்துக்கு, சிராய் கிழித்த என் உதட்டிலிருந்து விழுந்த ரத்தச் சொட்டு.

"இத்தனை நாளும் பொய்யா சொன்னே?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அதன் பிறகு அவள் இழையால் தொட்டுப் பார்க்கவே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. அம்மாவே விட்டுவிட்டாள் என்றால் இனி வராதோ என்று எனக்குக் கிலி பிடித்தது.

ஏழாம் மாதம் மோவாயில் எறும்பு ஊர்ந்தது. துடைத்தால் எறும்பு இல்லை. சொல்லவில்லை; சொன்னால் யார் நம்புவார்கள்? பத்தாம் மாதம் ஒரு நாள் சாப்பிடும்போது ஊறுகாய் பட்டு உதடு சுரீரென்றது.

"அம்மா, எரியுதுங்க!"

அம்மா எழுந்தாள். தறியிலிருந்து ஓர் இழையைக் கிள்ளினாள். வளையல் கிலுங்காதபடி முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"கண்ணை மூடு. இப்ப?"

"இடது பக்கமுங்க."

"இப்ப?"

"நடுவுல. லேசாத் தெரியுது."

"இப்ப?"

காத்திருந்தேன். ஒன்றுமே இல்லை. வலது பக்கம் செத்தே போய்விட்டதோ? தெரியுது என்று சொல்லிவிட நாக்கு துடித்தது.

"தெரியலீங்கம்மா."

கண்ணைத் திறந்தேன். இழை அவள் மடியில் கிடந்தது.

"நான் தொடவே இல்லை, சாமி" என்று சொல்லி அழுதாள்.