மண்ணிறச் சேட்

போட்டுக்கொள்ள என்னிடம் எட்டுச் சேட் இருக்கிறது. எட்டும் வெள்ளை. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம், இந்த ஊர் வெயிலுக்கு அதுதான் நல்லது என்று சொல்லி வந்தேன். சுத்தப் பொய். கடைக்காரர் எடுத்துப் போடுகிற துணி பச்சையா மண்ணிறமா என்று எனக்குத் தெரியாது. பிறந்ததிலிருந்து தெரியாது. இந்த வயதில் இதைச் சொல்ல என்ன வெட்கம் கிடக்கிறது? ஆனாலும் எழுதும்போது கை கூசத்தான் செய்கிறது.

பள்ளிக்கூடம் முடித்த கையோடு, துறைமுகத்தில் இழுவைப் படகு வேலைக்கு விண்ணப்பம் போட்டேன். வைத்தியப் பரிசோதனையில் ஒரு டாக்குத்தர் புத்தகம் ஒன்றை விரித்துக் காட்டினார். பக்கம் முழுக்கப் புள்ளிகள். “என்ன இலக்கம்?” என்றார். இலக்கமா, எங்கே இலக்கம்? எனக்கு முன்னால் போன பெடியன்கள் எல்லோரும் படபடவென்று சொல்லிவிட்டு வந்தவர்கள். நான் முழிசிக்கொண்டு நின்றேன். துறைமுக வாயிலில் ஒரு பக்கம் சிவப்பு வெளிச்சம், மறுபக்கம் பச்சை. அதைப் பிரித்தறிய ஏலாதவனைப் படகில் ஏற்ற முடியாது என்று அவர் சொன்னது நியாயம்தான். வீடு வந்ததும் அப்பா அம்மாவைப் பார்த்து, “உன்ர பிள்ளைக்குக் கண் பிழையாம்” என்றார்.

அது தாய்வழியில் ஆண்பிள்ளைகளுக்கு வருவது என்று வெகுகாலம் கழித்து ஒரு கண் டாக்குத்தர் சொன்னார். நிறத்தைப் பிடிக்கிற கலங்கள் கண்ணுக்குள் மூன்று வகையாம். எனக்கு ஒரு வகை ஒழுங்காக வேலை செய்வதில்லை. மற்ற ஆட்களிலும் ஒருவர் காணும் பச்சைதான் அடுத்தவர் காணும் பச்சை என்று அறுதியாகச் சொல்ல ஏலாதாம். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர்களுக்குச் சொல்லாவது ஒத்துப்போகிறது. ஒரே சேட்டைப் பார்த்து நாலு பேரும் பச்சை என்கிறார்கள், கதை முடிந்தது. நான் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு, மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துத் தலையாட்ட வேண்டும்.

அப்படித் தலையாட்டியே எழுதுவினைஞர் வேலை ஒன்றைப் பிடித்தேன். ஓர்ஸ் ஹில்லில் கந்தோர். அதற்குக் கொஞ்சம் கீழே ஒரு வீட்டின் பின்னறையில் தனிக்குடித்தனம். அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கலியாணம் சரிவரவில்லை. எண்ணூறு மணி நேரம் ஊரடங்கு போட்டாலும் என்னைத் தேடுவதற்கு ஒருவரும் இல்லை. இருந்தது ஒரே ஒரு நண்பர், பக்கத்து மேசைக்காரர். என்னைவிட இரண்டு வயது மூப்பு. ஒரு மனைவி, கட்டிலோடு கிடக்கிற வருத்தக்காரத் தாய், கொஞ்சம் நக்கல், இவ்வளவும் அவருடைய சொத்து.

கந்தோர் வளவில் ஒரு ஜம்பு மரம் நின்றது. ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு அதன் கீழ் இருந்தபோது, “என்ன காய் காய்ச்சிருக்கு பாரும் ஐசே!” என்றார் நண்பர்.

நான் அண்ணாந்து பார்த்தேன். இலைதான் தெரிந்தது. “எங்கை?” என்று கேட்டுவிட்டேன்.

“கண்ணை ஆருக்கும் வாடகைக்குக் குடுத்திட்டீரோ? மரம் முழுக்கச் சிவந்துபோய்க் கிடக்கு!” என்று பெரிதாகச் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்தார். சிரிப்பை நிறுத்திவிட்டு, சாப்பாட்டுப் பார்சலைச் சுற்றத் தொடங்கினார். அதைப் பற்றி அவர் பிறகு கதைக்கவேயில்லை.

அது தொண்ணூறுகளின் தொடக்கம். இடம்பெயர்ந்த சனத்துக்கு நிவாரண அட்டை கொடுப்பது எங்கள் பகுதியின் வேலை. மூதூர்ப் பக்கத்துக்கு ஒரு நிறம், கிண்ணியாவுக்கு ஒன்று, பட்டினத்துக்கு இன்னொன்று. எந்தப் புண்ணியவான் யோசித்ததோ, மூதூருக்கான பச்சையையும் பட்டினத்துக்கான மண்ணிறத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்கள். ஆனால் கொஞ்ச நாளில் அட்டைக் கட்டுகளின் மூலையில் பென்சிலால் சின்னதாக ‘ப’, ‘ம’ என்று எழுத்து விழத் தொடங்கியது. நண்பரின் கையெழுத்து. “இதென்ன, நேர்சரிப் பிள்ளைகளுக்கே?” என்று கேட்டேன். “எனக்கு மறதி ஐசே” என்றார். எனக்கும் வசதியாகப் போய்விட்டது.

ஒரு திங்கட்கிழமை காலை நாங்கள் இருவரும் மூதூருக்குப் போக வேண்டும். அட்டை கொடுக்கிற நாள். நான் அறையிலிருந்து நேரே ஜெட்டிக்குப் போய், சோதனை முடித்து, கடலால் மூதூருக்குப் போகிற லோஞ்சில் ஏறி, நண்பருக்கும் ஒரு இடம் பிடித்து வைத்துக்கொண்டு இருந்தேன். திரும்பிப் பார்த்தால், காவலரணுக்கு முன்னால் நின்ற வரிசையிலிருந்து ஒரு ஆளைத் தனியே எடுத்து, இரண்டு சிப்பாய்கள் நடுவில் விட்டு நடத்திக்கொண்டு போனார்கள். முதுகுதான் தெரிந்தது. இடது கக்கத்தில் பை. இடது காலை நிலத்தில் சரக் சரக்கென்று தேய்த்து நடக்கிற நடை. அந்த நடையை எனக்குத் தெரியும். நான்கு வருடமாக என் மேசையைத் தாண்டிப் போய்வந்த நடை.

நான் எழும்பவில்லை. கத்தவில்லை. “அவர் எங்கட கந்தோர் ஆள்” என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பயம். வேறென்ன? லோஞ்ச் வெளிக்கிட்டது. பிடித்து வைத்த இடத்தில் ஒரு ஐஸ்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

பின்னேரம் திரும்பி வந்து நேரே நண்பரின் வீட்டுக்குப் போனேன். அவர் வீடு வரவில்லை. மனைவி வாசலிலேயே நின்றா. உள்ளே கட்டிலில் நண்பரின் தாய், நெஞ்சு வருத்தக்காரி.

“அண்ணை, அவரைக் கண்டனீங்களே?”

“ஒரு ஆளைப் பிடிச்சுக்கொண்டு போனதைக் கண்டனான் தங்கச்சி. முகம் தெரியேல்லை.”

“என்ன சேட்?”

நான் அந்த இடத்தில் வாயை மூடியிருக்க வேண்டும். ஆனால் வாழ்நாள் முழுக்க நிறம் கேட்டால் டக்கென்று ஒன்றைச் சொல்லிப் பழகியவன். “மண்ணிறம்” என்றேன்.

அவ என்னை ஒருமாதிரிப் பார்த்தா. பிறகு வீட்டுக்குள் திரும்பி, வீடு முழுக்கக் கேட்கும்படி சொன்னா: “அப்ப அது அவர் இல்லை. அவர் போட்டுக்கொண்டு போனது பச்சைச் சேட்.” உள்ளேயிருந்து, “என்ர பிள்ளையாரே!” என்று தாயின் குரல் வந்தது.

எனக்கும் பச்சைக்கும் மண்ணிறத்துக்கும் உள்ள சம்பந்தம் உலகத்தில் எனக்குத்தான் நன்றாகத் தெரியும். “தங்கச்சி, என்ர கண்ணை நம்பாதேங்கோ” என்று அதே நிமிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஏனென்றால், அது அவர் இல்லையென்றால், நண்பனைக் கொண்டுபோவதைப் பார்த்துக்கொண்டு கல்லுப்போல இருந்தவன் நானும் இல்லை. அந்த மண்ணிறம் எனக்கும் தேவைப்பட்டது. முறைப்பாட்டோடு சேர்த்துக் குடுக்க, கண்டதை எழுதித் தரச் சொல்லி அவ கேட்டா. மண்ணிறச் சேட் என்று எழுதி, கையெழுத்தும் வைத்துக் கொடுத்தேன். நடையைப் பற்றி ஒரு எழுத்தும் எழுதவில்லை.

நண்பர் வரவேயில்லை. புதிதாக வந்த அட்டைக் கட்டுகளில் பென்சில் எழுத்தும் இல்லை. மூதூர் ஆட்களுக்குப் பட்டினத்து அட்டையைக் கொடுத்து மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டினேன். மனம் சரியில்லாததால் வந்த பிழை என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படியே நினைத்தேன். பிறகு கேட்டு வேறு பகுதிக்கு மாறிப் போனேன்.

நண்பரின் மனைவி இருந்த பக்கம் நான் தலைவைத்தும் படுக்கவில்லை. தெருவில் கண்டால் ஒழுங்கைக்குள் இறங்கிவிடுவேன். இரண்டு முறை கந்தோருக்குத் தேடி வந்தா. இரண்டு முறையும் நான் இல்லை என்று சொல்லச் சொன்னேன். மத்தியானச் சாப்பாட்டை மேசையிலேயே தனியே வைத்துச் சாப்பிடுவேன். ஜம்பு காய்த்ததா இல்லையா என்று எனக்குச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. எட்டு வருடம் அப்படிப் போனது.

நண்பரின் தாய் இறந்துபோனா என்று கேள்விப்பட்டேன். செத்தவீட்டுக்குப் போகாமல் விட ஏலாது. எடுத்து முடிந்து, சனம் கலைந்த பிறகும் ஒரு கதிரையில் இருந்தேன். அவ தேத்தண்ணி கொண்டுவந்து தந்துவிட்டு எதிரில் இருந்தா. தலை நரைத்துப்போயிருந்தது.

“தங்கச்சி, எனக்குப் பச்சை தெரியாது” என்றேன். வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

“தெரியும்” என்றா.

“என்ன தெரியும்?”

“அவர் எப்பவோ சொன்னவர். ஜம்பு மரத்தடியில கண்டுபிடிச்சவராம். ‘அந்தாள் சொல்ல வெக்கப்படுது, நானும் கேக்கேல்லை, அட்டையில எழுதி விடுறன்’ எண்டு சொன்னவர்.” சேலைத் தலைப்பைச் சரிசெய்தா. “நீங்கள் மண்ணிறம் எண்டு சொன்ன உடனேயே எனக்கு விளங்கிட்டுது, அது அவர்தான் எண்டு. மாமி கேட்டுக்கொண்டு கிடந்தவ. அதுதான் அப்பிடிச் சத்தமாச் சொன்னனான். உங்கட கடிதத்தை ஒருத்தருக்கும் காட்டேல்லை. முறைப்பாட்டில, ஜெட்டியடியில பிடிச்சது, பச்சைச் சேட் எண்டு நானே எழுதிக் குடுத்தனான்.”

எட்டு வருடமாக நான் சுமந்துகொண்டு திரிந்த பொய் ஒரு நாள்கூட நின்று பிடிக்கவில்லை.

“நிறத்தை நான் திருத்திப்போட்டன், அண்ணை. அவரைக் கடைசியாக் கண்டது நீங்கள் ஒராள்தான். எப்பிடிப் போனவர் எண்டு கேக்கத்தான் கந்தோருக்கு வந்தனான்.”

சொன்னேன். கக்கத்தில் பை இருந்ததை, இடது கால் தேய்ந்ததை, ஒருவரும் அவரை அடிக்கவில்லை என்பதை, எல்லாவற்றையும் சொன்னேன். நான் இருந்த இடத்தில் இருந்ததையும் சொன்னேன்.

“நீங்கள் லோஞ்சில இருந்தது அவருக்குத் தெரியுமே?”

“தெரிஞ்சிருக்கும். வழமையா நான்தான் இடம் பிடிக்கிறனான்.”

“திரும்பிப் பாத்தவரே?”

“இல்லை” என்றேன். அது உண்மை.

“பாத்திருந்தா உங்களையும் இறக்கியிருப்பாங்கள்” என்றா. “அதுதான் பாக்கேல்லை.”

நான் அழுதேன். அவ என் கையிலிருந்த கோப்பையை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, நான் முடிக்கும்வரை பக்கத்தில் இருந்தா.